எதிரிக்கு எடுத்த சேலை

வெங்கடலட்சுமி செத்துப்போன சேதியை அன்புக்கரசியிடம் கொண்டுவந்தவன், அதை நல்ல சேதி என்று நினைத்துத்தான் கொண்டுவந்தான்.

அவன் பேர் பிரவின்குமார். அன்புக்கரசியின் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன். தொண்டாமுத்தூரில் அவளுடைய தோப்பு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னான்.

"அக்கா, கணபதிக்காரி கதை முடிஞ்சுதுங்க. வெடியால ஆஸ்பத்திரியிலயே போயிட்டாங்களாமா. குரூப்புல போட்டிருக்காங்க. இனி நமக்கு எதிரியே கெடையாதுங்க."

அன்புக்கரசி களத்தில் காய்கிற கொப்பரையைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். கிளறுகிற கை நிற்கவில்லை. எத்தனையோ வருஷம் மேடையில் நின்றவள். முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "அப்படியா," என்றாள். "என்ன சீக்காமா?" என்று கேட்டாள், தெரியாதவள் மாதிரி.

"ஈரல்ல ஏதோ கோளாறுங்களாமா. ரெண்டு மாசமா படுக்கையாமா."

"செரி, நீ உள்ள போயி டீயக் குடி. இதா வாரேன்."

வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல் கிடக்கிறது. அங்கே போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் பக்கெட்டில் விழுகிற சத்தத்துக்குள், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். என்ன பிழைப்பு இது? பரம எதிரி செத்தால்கூட 'அடப் பாவமே' என்று நாலு பேர் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலாம். இவளுக்கு அதற்கும் வழியில்லை. செத்தவள் இவளுடைய எதிரியே இல்லை. இவளுக்கென்று இருந்த ஒரே சிநேகிதி. அது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி இன்றைக்குக் காலையில் போய்விட்டாள்.

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அதெல்லாம் பழைய காலம். கூத்தாடி ரெண்டுபட்டால்தான் ஊருக்குக் கொண்டாட்டம். நம் ஜனங்களுக்குப் பாட்டு மட்டும் போதாது, பாட்டுக்காரர்களுக்குள் சண்டையும் வேண்டும். நாடகக் கொட்டகைக் காலத்திலிருந்தே இப்படித்தான். ராஜபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று கிளப்பிவிட்டால் போதும், அன்றைக்குக் கொட்டகை நிறைந்துவிடும். பிறகு இசைத்தட்டு வந்தது, ரேடியோ வந்தது, சினிமா வந்தது. இந்தப் பாடகருக்கும் அந்தப் பாடகருக்கும் ஆகாது, இந்த மியூசிக் டைரக்டர் பேரை எடுத்தாலே அந்தக் கவிஞர் எழுந்து போய்விடுவார் என்று பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து, தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே பொழுதுபோகப் பேசுவார்கள். பாட்டு என்ன ராகம் என்று கேட்டால் முழிப்பார்கள். யார் யாரோடு பேசுவதில்லை என்று கேளுங்கள், வருஷம் மாசத்தோடு சொல்வார்கள்.

இந்த ஜனத்தை நம்பித்தான் அவர்கள் இரண்டு பேரும் பிழைத்தார்கள். குற்றம் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

முதலில் இரண்டு பேரும் சென்னகிருஷ்ணன் ஆர்க்கெஸ்ட்ராவில் ஒன்றாகப் பாடினவர்கள். அன்புக்கரசி தொண்டாமுத்தூரில் தோட்டம் காடு உள்ள குடும்பத்துப் பெண். கட்டினவன் சரியில்லாமல் பிறந்த ஊருக்கே திரும்பி வந்து, அப்பன் விட்டுப்போன தோப்பும் தன் தொண்டையுமாகப் பிழைத்தவள். பிள்ளை குட்டி இல்லை. வெங்கடலட்சுமி கணபதியில் லேத் பட்டறைக்காரர் வீட்டு மருமகள். வீட்டில் தெலுங்கு, வெளியில் கோயமுத்தூர்த் தமிழ். புருசன் நெஞ்சுவலியில் போனபோது மகள் பூஜிதா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷங்களில்தான் கோயில் நோம்பிக்கெல்லாம் டி.ஜே. செட்டு வைக்க ஆரம்பித்தார்கள். ஆர்க்கெஸ்ட்ராவுக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர் மாரியம்மன் நோம்பி. மஞ்சள் நீராட்டு முடிந்த சாயங்காலம் இவர்கள் கச்சேரி. தெருவின் அந்தக் கோடியில் டி.ஜே. முழங்க, இந்தக் கோடியில் நாற்காலிகள் காலியாகிக்கொண்டிருந்தன. போதாத காலத்துக்கு ஒரு மைக்கும் செத்துப்போனது. மிச்சமிருந்த ஒரு மைக்குக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். இவள் இழுக்க, அவள் இழுக்க, எழுந்து போன ஜனம் திரும்பிப் பார்த்தது. வெங்கடலட்சுமி கெட்டிக்காரி. மைக்கைப் பிடுங்கிக்கொண்டு அங்கேயே ஒன்றைக் கட்டிவிட்டாள்.

"தொண்டாமுத்தூர்த் தோப்புக்குள்ள ஆனை ரெண்டு வந்துதாம், அதுல
ஒண்ணு காட்டுக்குப் போயிருச்சு, ஒண்ணு மைக்கப் புடிச்சிருச்சு."

கூட்டம் ஓவென்று கத்தியது. அன்புக்கரசிக்கும் ரோசம். சும்மா விடுவாளா?

"கணபதியாம் பட்டறையாம், லேத்து ஒண்ணு ஓடுதாம், அது
கரகரன்னு கத்துறத கச்சேரின்னு சொல்லுதாம்."

ஒருத்தி பாட மற்றவள் பதிலுக்குப் பாடுகிற எசப்பாட்டு நாற்று நடுகிற வயலிலேயே உண்டு. மேடையில் அன்றைக்குத்தான் ஏறியது. டி.ஜே.க்காரனே செட்டை நிறுத்திவிட்டு வந்து வேடிக்கை பார்த்தான் என்றால் பாருங்கள்.

மறுநாள் காந்திபுரத்தில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்து வெங்கடலட்சுமிதான் சொன்னாள். "ஏமே அன்பு, நாம ஒத்துமையா பாடினா நாய்கூடத் திரும்பிப் பாக்கல. சண்டை போட்டாத்தான் சோறு. பேசாம பிரிஞ்சுபோயிரலாமா?"

அப்படித்தான் பிரிந்தார்கள். ஆளுக்கொரு குழு. நோம்பிக்கு எதிரெதிர் இரண்டு மேடை போட்டு, இரண்டு குழுவையும் சேர்த்தே கூப்பிடுவார்கள். ஒருத்தியை மட்டும் கூப்பிட்டால் ஜனம் வராது. சண்டைக்கு இரண்டு பேரும் விதி வைத்துக்கொண்டார்கள். மேடையில் சொன்னது மேடையோடு. செத்த புருசனும் பெத்த பிள்ளையும் பாட்டுக்குள் வரக்கூடாது. எதை அடிக்கப்போகிறோம் என்பதை அன்றைக்குக் காலையிலேயே போனில் சொல்லிவிட வேண்டும்.

"இன்னிக்கு உன்ற மூக்கு," என்பாள் இவள்.

"செரி, அப்ப நான் உன்ற இடுப்புக்கு வாரேன். போன வருசத்துக்கு இப்ப எச்சாத்தான ஆயிருக்குது?" என்பாள் அவள்.

இரண்டு பேரும் போனில் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிக்கொள்வார்கள். சாயங்காலம் மேடையில் பார்த்தால் கண்ணில் தீப்பொறி பறக்கும்.

வெளியில் யார் கண்ணிலும் சேர்ந்து படக்கூடாது. வெங்கடலட்சுமி இதற்கென்றே தனியாக ஒரு சின்ன பட்டன் போன் வைத்திருந்தாள். அதில் அன்புக்கரசியின் பேர் 'தேங்காக்காரம்மா'. அன்புக்கரசி போனில் வெங்கடலட்சுமி 'டெய்லர் லதா'. பார்க்கவேண்டும் என்றால் உழவர் சந்தை. அன்புக்கரசி தோப்புக் காய்களைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வெங்கடலட்சுமி முக்காடு போட்டுக்கொண்டு வந்து, ஒரு தேங்காயை எடுத்துக் காதருகே ஆட்டி ஆட்டிப் பார்த்தபடியே ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்துவிட்டுப் போவாள். கொரோனா வந்து எல்லோரும் மாஸ்க் போட்டபோது ஊரே பயந்து கிடந்தது. இவர்கள் இரண்டு பேர் மட்டும் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கைகோர்த்துப் பெரிய கடைவீதி முழுக்கச் சுற்றினார்கள். ஒருத்தருக்கும் அடையாளம் தெரியவில்லை. அந்த மாதிரி ஒரு சந்தோஷமான காலம் பிறகு வரவே இல்லை.

வருஷா வருஷம் நோம்பிக்கு இவள் அவளுக்கு ஒரு சேலை எடுப்பாள், அவள் இவளுக்கு ஒன்று எடுப்பாள். அதையே கட்டிக்கொண்டு மேடை ஏற வேண்டும். எடுத்துக் கொடுத்தவள் அதையே கேலி செய்ய வேண்டும். அதில் அவர்களுக்கு ஒரு கிறுக்குச் சந்தோஷம். போன வருஷம் அன்புக்கரசி எடுத்தது பாசிப்பச்சையில் அரக்கு பார்டர். வெங்கடலட்சுமிக்கு அது அத்தனை பொருத்தம். எதிர் மேடையில் அவளைப் பார்த்ததும் அன்புக்கரசிக்குக் கட்டி வைத்திருந்த அடியெல்லாம் மறந்துபோனது. ஜனம் காத்திருந்தது. வாய்க்கு வந்ததைப் பாடினாள்.

"பாசிப்பச்சைச் சேலை கட்டிப் பந்தலுக்கு வந்தவளே, நான்
பாவம்பாத்துப் போட்ட பிச்சை பட்டுன்னு மினுக்குறவளே."

அன்றைக்கு விழுந்த கைதட்டலுக்குப் பந்தல் கீற்று பறந்திருக்கும். அந்த வீடியோவை லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். மறுநாள் வெங்கடலட்சுமி போனில் சிரித்தாள். "அடிப்பாவி, உண்மையவே பாட்டாக் கட்டிப்போட்டியே. இனி நீ சத்தியம் பண்ணினாலும் ஒருத்தனும் நம்ப மாட்டான்."

சிரிப்போடு சிரிப்பாகச் சொன்ன பேச்சு. அது எங்கே வந்து நிற்கும் என்று யாருக்குத் தெரியும்.

பூஜிதாவிடமாவது சொல்லிவிடலாம் என்று அன்புக்கரசி எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். சின்னப் பெண்ணாக இருந்தவரைக்கும், வாயில் எதுவும் தங்காது என்று வெங்கடலட்சுமி மறைத்தாள். வளர்ந்த பிறகு மறைத்ததற்குக் காரணமே வேறு. அப்பன் போனதிலிருந்து அந்தப் பெண் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கூத்தாடி மகள் என்று கூடப் படித்தவர்கள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது உள்ளே குத்திக்கொண்டே கிடந்தது. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன பிறகும் அப்படித்தான். ஒருநாள் அன்புக்கரசி கேலி பாடின ஏதோ வீடியோவுக்குக் கீழே யாரோ வெங்கடலட்சுமியைக் கேவலமாக எழுதிவைக்க, பூஜிதா பொங்கி எழுந்துவிட்டாள். பதிலுக்குப் பதில் எழுதினாள். அம்மாவுக்குத் தனியாக சேனல் ஆரம்பித்தாள். லீவு போட்டுவிட்டுக் கச்சேரிக்குக் கூடவே வந்தாள். எதிர் மேடையில் இருக்கிற அன்புக்கரசியைப் பார்க்கிற பார்வையில் சாம்பலாக்கிவிடுவாள்.

"எம்பொண்ணு எனக்காகச் சண்டை போடறா அன்பு," என்று வெங்கடலட்சுமி போனில் சொன்னபோது அவள் குரல் உடைந்திருந்தது. "அம்மான்னு ஒருத்தி இருக்கறதே இப்பத்தான் அவளுக்குத் தெரியுது. உன்னையத் திட்டிக்கிட்டே எனக்குச் சோறு போட்டுக் குடுக்கறா. இத மட்டும் எங்கிட்ட இருந்து எடுத்துப்போடாத."

அன்புக்கரசி பிறகு கேட்கவே இல்லை. ஒரு பிள்ளையின் வெறுப்பைச் சுமந்தால் சிநேகிதிக்கு மகள் கிடைக்கிறாள் என்றால், சுமந்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டாள்.

வெங்கடலட்சுமி படுத்த இரண்டு மாசமும் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. பூஜிதா கட்டிலை விட்டு நகரவே இல்லை. அவள் மருந்து வாங்கப் போகிற நேரம் பார்த்து அந்தப் பட்டன் போனிலிருந்து வெங்கடலட்சுமி கூப்பிடுவாள். கடைசியாகப் பேசினபோது குரல் நூலாக இருந்தது.

"வந்து ஒருக்கா பாத்துட்டுப் போறேன் வெங்கி."

"வேண்டாம். எழவுக்கு வா. உர்ருன்னு வா. அழுதுபோட்டீன்னா கண்டுபுடிச்சிருவாங்க."

"வாயக் கழுவு."

"நீ ஒரு பாட்டுப் பாடு. கேலிப் பாட்டு வேண்டாம்."

அன்புக்கரசி தோப்புக்குள் போய் நின்று, போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாலாட்டு ஒன்றைப் பாடினாள். பாதியில் அந்தப் பக்கம் பூஜிதாவின் குரல் கேட்டது, போன் அணைந்தது. அதுதான் கடைசி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து பிரவின்குமாரிடம் சொன்னாள், "எழவுக்குப் போயிட்டு வந்தர்லாம். முறைன்னு ஒண்ணு இருக்குதல்ல."

"பெரிய மனசுங்க்கா உங்களுக்கு," என்றான் அவன்.

பீரோவில் இந்த வருஷ நோம்பிக்கு என்று எடுத்து வைத்த சேலை இருந்தது. மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து பார்டர். எழவு வீட்டுக்குக் கோடிச்சேலை கொண்டுபோவது வழக்கம்தானே. அதையே எடுத்துக்கொண்டாள். எதிரிக்கு இத்தனை விலையில் கோடியா என்று பிரவின்குமார் ஒரு பார்வை பார்த்தான்.

கணபதியில் அந்தச் சந்து முழுக்க நாற்காலி போட்டிருந்தது. அன்புக்கரசி வண்டியை விட்டு இறங்கியதும் பேச்சுச் சத்தம் அடங்கிவிட்டது. பிறகு ஒன்று நடந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனை எடுத்துத் தூக்கிப் பிடித்தார்கள். சண்டை வரப்போகிறது என்று அவர்களுக்கு நிச்சயம். வெட்கங்கெட்ட ஜனம், உள்ளே பிணம் கிடக்கிறது.

பூஜிதா கேட்டுக்கு வந்து நின்றாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. மூக்கும் நெற்றியும் அச்சு அசல் வெங்கடலட்சுமி. அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் என்று அன்புக்கரசிக்குக் கை பரபரத்தது.

"ஏனுங்க, எங்க வந்தீங்க?"

கோயமுத்தூர்க்காரர்களின் மரியாதை இருக்கிறதே, அது லேசுப்பட்டதில்லை. செருப்பால் அடிப்பதானாலும் 'கொஞ்சம் இப்படித் திரும்புங்க' என்று சொல்லித்தான் அடிப்பார்கள். பூஜிதாவின் வாயில் ஒரு 'ங்க' குறையவில்லை.

"ஒருக்கா மொகத்தப் பாத்துட்டுப் போயிடறேன் கண்ணு."

"பாத்து என்னங்க பண்ணப் போறீங்க? அதுக்கொரு பாட்டுக் கட்டறதுக்குங்களா?"

அன்புக்கரசி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உர்ரென்று வா என்று வெங்கி சொன்னாள். எங்கே முடிகிறது? பத்தடி தூரத்தில் அவள் கிடக்கிறாள். ஊதுபத்தி வாசனை இங்கே வரைக்கும் வருகிறது. இன்றைக்கு விட்டால் இனி எந்த ஜென்மத்தில் பார்ப்பது? சொல்லிவிட்டாள்.

"அவ என்ற சிநேகிதி கண்ணு. நாங்க ஒருநாளும் சண்டை போட்டதில்ல. எல்லாம் மேடைக்குச் செஞ்சது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அன்புக்கரசி எதைச் சொன்னாலும் அதன் பின்னால் ஒரு குத்து வரும் என்று இத்தனை வருஷமாகப் பழகிய கூட்டம். குத்துக்காகக் காத்திருந்தது.

"நெசமாத்தான் சொல்றேன். உங்கம்மா கட்டற பாசிப்பச்சைச் சேலை, அதுகூட நான் எடுத்துக் குடுத்ததுதான் கண்ணு."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. பூஜிதாவின் முகம் அப்படியே வெளுத்துப்போனது.

"எழவூட்டு வாசல்லயும் அந்தப் பாட்டத்தான் பாடறீங்களா?" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "அந்தச் சேலைக்காக எங்கம்மாவப் பிச்சைக்காரின்னு ஊரு பூராம் பாட வெச்சீங்க. எங்கம்மா கண்ண மூடறதுக்கு முந்தி என்ன கேட்டாங்க தெரியுங்களா? 'அந்தப் பச்சைச் சேலையக் கட்டி அனுப்பு பூஜி'ன்னாங்க. உங்களுக்கு வயிறெரியட்டும்னுதான் கேட்டிருக்காங்க. கட்டிவிட்டிருக்கறனுங்க. ரோட்டுல நின்னு பாத்துட்டுப் போங்க."

கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போனாள். வெங்கி அந்தச் சேலையைக் கேட்டிருக்கிறாள். போகிற போக்கில், யாருக்கும் தெரியாமல், இவளுடைய சேலையை உடம்பில் சுற்றிக்கொண்டு போகவேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அது என்ன என்று தெரிந்த ஒரே ஆள் கேட்டுக்கு வெளியே நிற்கிறாள்.

எதிர்ப்பக்கம் ஷட்டர் இறக்கியிருந்த பட்டறைப் படியில் மஞ்சள் சேலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரவின்குமார் வந்து, "போலாங்க்கா, வீடியோ எடுக்கறாங்க," என்று கூப்பிட்டுப் பார்த்தான். எழவில்லை. மத்தியானம் வண்டி வந்தது. தூக்கிக்கொண்டு வரும்போது ஆட்கள் மறைத்துக்கொண்டார்கள், முகம் தெரியவில்லை. மாலைகளுக்கு அடியிலிருந்து பாசிப்பச்சை முந்தானை ஒரு சாண் வெளியே தொங்கியது. வண்டிக் கதவைச் சாத்தும்போது யாரோ அதை எடுத்து உள்ளே தள்ளினார்கள். அன்புக்கரசி பார்த்தது அவ்வளவுதான்.

சாயங்காலமே வீடியோ வந்துவிட்டது. செத்த வீட்டிலும் விடாத சண்டை என்று தலைப்பு. மஞ்சள் சேலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டில் நிற்கிறாள். அதற்குக் கீழே ஜனங்கள் காறித் துப்பியிருந்தார்கள்.

நாலைந்து நாள் கழித்து ஒரு முற்பகல். தோப்பில் ஆள் விட்டுத் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். டெய்லர் லதா என்று இருந்தது.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், எல்லாம் பொய் என்று நினைத்துவிட்டாள். தள்ளிப் போய் ஒரு மரத்தில் சாய்ந்துகொண்டு போனைக் காதில் வைத்தாள்.

"தேங்காக்காரம்மாங்களா?" பூஜிதாவின் குரல். "நான் வெங்கடலட்சுமி பொண்ணு பேசறனுங்க. அம்மா தவறிட்டாங்க. அவங்க துணிக்குள்ள இந்தச் சின்ன போன் இருந்துது. இதுல உங்க நம்பர் ஒண்ணுதானுங்க இருக்குது. தகவல் சொல்லிரலாம்னு கூப்பிட்டேன்."

"தெரியுங் கண்ணு. சந்தையில சொன்னாங்க." அழுது அழுது தொண்டை கட்டி, அது ஏதோ ஒரு கிழவியின் குரலாக வந்தது. மேடையில் கேட்டவர்கள் யாரும் அதை அன்புக்கரசி என்று சொல்லமாட்டார்கள்.

"தினத்துக்கும் உங்களுக்குத்தானுங்க கூப்பிட்டிருக்காங்க. தேங்கா வாங்கறதுக்கு இத்தன பேச்சுங்களா? நீங்க அம்மாவுக்கு யாருங்க?"

ஒரு வார்த்தை போதும். இப்போது சாட்சி அந்தப் பெண்ணின் கையிலேயே இருக்கிறது. நம்பாமல் இருக்க முடியாது. நாந்தான் அன்புக்கரசி என்று சொன்னால் சாத்தின கேட் திறக்கும். வெங்கியின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழலாம். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் பூஜிதாவே பேசினாள்.

"என்னையப் பத்தி ஏதாச்சும் சொல்லியிருக்காங்களா?"

அன்புக்கரசி போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"நான் அம்மாகிட்டச் சரியாவே பேசினதில்லீங்க. எத்தனையோ வருசம் மொகம் குடுத்ததில்ல. அந்தப் பொம்பள, அந்தப் பாட்டுக்காரி இருக்காங்கல்ல, அவங்க அம்மாவப் போட்டு அத்தன கேவலமாப் பாடினப்பத்தான் எனக்கே உறைச்சுது. அதுக்கப்பறம் அம்மாவ ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்ல நான் உட்டதில்லீங்க. அம்மாவுக்குன்னு நான் செஞ்சது அது ஒண்ணுதான்." அந்தப் பக்கம் மூச்சு வாங்கியது. "எழவுக்கும் வந்து நின்னாங்க. நான் உள்ள உடலீங்க. மொகத்தக்கூடப் பாக்க உடல. செஞ்சது செரிதானுங்களா? அம்மா இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாங்கல்ல?"

மரத்தின் மேலே ஒரு அணில் கத்திக்கொண்டிருந்தது. அன்புக்கரசி கண்ணை மூடிக்கொண்டாள். இத மட்டும் எங்கிட்ட இருந்து எடுத்துப்போடாத என்று வெங்கி கேட்டது, அவளுக்காக மட்டும் கேட்டதில்லை. இந்தப் பிள்ளைக்கு அம்மாவுக்கென்று செய்தது இது ஒன்றுதான் இருக்கிறது. அதையும் பிடுங்கிக்கொண்டால் வெறுங்கையோடு நிற்கும்.

"உன்ற பேச்சுத்தான் கண்ணு எப்பப் பாத்தாலும். எம்பொண்ணு எனக்காகச் சண்டை போடறாள்னு சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப்போவாங்க. செரியாத்தான் செஞ்சிருக்கற. ரொம்பச் சந்தோசப்பட்டிருப்பாங்க."

பூஜிதா அழுதுவிட்டாள். அடக்கி அடக்கி வைத்திருந்த அழுகை. அவள் அழுது முடிக்கிற வரைக்கும் அன்புக்கரசி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"அடுத்த வாரம் காரியமுங்க. நீங்க கண்டிப்பா வரோணும். அம்மாவுக்குச் சிநேகிதின்னு ஒருத்தருமே வரலீங்க."

"வாரேன் கண்ணு," என்றாள் அன்புக்கரசி.

எப்படிப் போவது? காரியத்தன்று காலையில் நல்ல காயாகப் பொறுக்கி ஒரு மூட்டை கட்டி, சந்தைக்குப் போகிற ஆட்டோவில் ஏற்றினாள். தேங்காக்காரம்மாவுக்கு உடம்புக்கு முடியலையாம் என்று மட்டும் சொல்லி வெங்கி வீட்டில் கொடுத்துவிடச் சொன்னாள். வீட்டுக்குள் போய் மஞ்சள் சேலையை எடுத்து வந்து மூட்டையின் மேல் வைத்தாள். பூஜிதா கட்டிக்கொள்ளட்டும் என்று ஒரு ஆசை. பிறகு வீடியோ ஞாபகம் வந்தது. அது ஊரே பார்த்த சேலை. பார்த்த மாத்திரத்தில் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடும்.

சேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஆட்டோக்காரனைப் போகச் சொன்னாள்.